வண்டி எப்படி ஓடுது?

"வண்டி எப்படி ஓடுது, தம்பி?"

ஜஹாங்கீர் பாயின் குரல் தொலைபேசியில் எப்போதும்போல் சாந்தமாக இருந்தது. ராஜசேகரனுக்கோ உச்சந்தலைவரை சூடு ஏறியது. ஏனென்றால் வண்டி அந்த நேரம் ஓடவில்லை. தெப்ராவ் நெடுஞ்சாலை ஓரத்தில் முன்மூடியைத் தூக்கிக்கொண்டு, பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறவரைப்போல் நின்றுகொண்டிருந்தது. லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் அது லேசாக ஆடியது.

"ஓடுது பாய்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அல்ஹம்துலில்லாஹ். ஏதும் ஒண்ணுன்னா கூச்சப்படாம சொல்லணும், என்ன?"

"சரி பாய்."

போனை வைத்துவிட்டு வண்டியை முறைத்தான். பழைய நாலு சக்கர ஓட்டு ஜீப்பு. ஊரில் எல்லாரும் சொல்வதுபோல, ஃபோர்வீல். கரும்பச்சை நிறம், அகலமான டயர்கள். பொந்தியானில் பாயிடம் வாங்கி, தம்போயில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டி வந்த மாலை ஒரு முறைகூட இருமவில்லை. மறுநாளிலிருந்து இதே கதைதான். அரைமணி நேரம் ராஜா மாதிரி ஓடும். பிறகு இழுவை குறையும், இரண்டு தடவை தொண்டையைச் செருமும், நின்றுவிடும். சாவியைத் திருகினால் கர் கர் என்று சுற்றுமே தவிரப் பற்றாது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். விட்டு விட்டு வரும் காய்ச்சல்போல.

விற்றுவிட்ட வண்டியைப் பற்றி விற்றவன் ஏன் தினமும் கேட்க வேண்டும்? மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு தவறாமல் வந்துவிடுகிறது அந்த போன். காசு கைமாறியதும் போன் எண்ணை மாற்றிக்கொள்ளும் ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான். இப்படி ஓர் ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. வண்டி எப்போது நிற்கும் என்று தெரிந்தவன்தான் நின்றுவிட்டதா என்று கேட்பான். வேறென்ன?

ராஜசேகரன் பதினைந்து வருடமாகச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தவன். விடியுமுன்பே எல்லைப் பாலத்தில் போய் வரிசை கட்டி, மழையில் நனைந்து, புகையைக் குடித்து, மகள் எழுமுன் கிளம்பி அவள் தூங்கியபின் வீடு திரும்பும் பிழைப்பு. இரண்டு முறை விழுந்து எழுந்திருக்கிறான். இரண்டாவது முறைக்குப் பிறகு மனைவி ஷர்மினி அவன் வீடு வந்து சேரும்வரை சாமி விளக்கை அணைய விடுவதில்லை.

அப்போதுதான் திருச்செல்வம் என்பவர் மூலம் ஒரு வழி பிறந்தது. மெர்சிங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் நிற்கும் தொலைபேசிக் கோபுரங்களைப் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர் அவர். அவரிடம் சேர ஒரே நிபந்தனைதான். செம்மண் மேடு ஏறக்கூடிய சொந்த வண்டி வேண்டும். அதற்காகத்தான் இந்த ஃபோர்வீல். முதல் நாள் சோதனையாக அவரை ஏற்றிக்கொண்டு போனபோது, கோத்தா திங்கியைத் தாண்டவில்லை, வண்டி வழக்கம்போல் செருமிவிட்டு நின்றது.

திருச்செல்வம் கோபக்காரர் இல்லை. கீழே இறங்கி ஒரு மரநிழலில் நின்றுகொண்டு சொன்னார்:

"ராஜா, காட்டுக்குள்ள போன்ல லைன் இருக்காது. லைனைச் சரி பண்ணத்தானே போறோம்! அங்க நின்னுட்டா யாரை லா கூப்பிடுவீங்க? அடுத்த திங்கக்கிழமை மறுபடி பாக்கலாம். அன்னைக்கும் இப்படின்னா, மனசுல வெச்சுக்காதீங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை வண்டி நின்றால் மறுபடியும் பாலம்தான். அதே வரிசை, அதே மழை, அணையாத விளக்கு.

*

வீட்டு வாசலில் ரூபேந்திரன் காத்திருந்தான். சிறுவயது முதல் கூட்டாளி. மேடு பள்ளம் ஏறும் வண்டிக்காரர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் முக்கியப் புள்ளி. சில வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் மூழ்கிய கார் ஒன்றைப் புதிது மாதிரி மெருகேற்றி அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பழைய வண்டி விற்கிற எவனும் நல்லவன் இல்லை.

"இன்னைக்கும் போன் பண்ணானா?"

"பண்ணாரு."

"நின்னுச்சுன்னு சொன்னியா?"

"நீதான சொல்லக் கூடாதுன்ன?"

"சொல்லாத. சொன்னா உஷார் ஆயிருவான். மொதல்ல ஆதாரம் புடிக்கணும் மச்சான்." ரூபேந்திரன் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டும் வளையத்துக்குக் கீழே தலையை நுழைத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் உள்ளிருந்து கேட்டது. "அலமாக்! இங்க வந்து பாரு."

முன்பலகைக்கு அடியில் ஒரு ஒயர் அறுக்கப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது என்ன ஒயர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எதையோ கழட்டியிருக்கான். கழட்டுனதை மறைச்சிருக்கான். ஏன் மறைக்கணும்?"

ஏன் மறைக்க வேண்டும் என்று ராஜசேகரனும் யோசித்தான். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்று வண்டி எடுக்கப் போனபோது இஞ்சினைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார் பாய். எண்ணெய்க் கசிவு தெரியாமல் இருக்கத்தானே கழுவுவார்கள்? புத்தம் புதிய எண்ணெய் வடிகட்டி ஒன்றைப் பெட்டியோடு கையில் கொடுத்து, "வெச்சுக்கங்க தம்பி, தேவைப்படும்" என்றார். தேவைப்படும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டேங்க் நிறைய டீசல் ஊற்றிக் கொடுத்தார். விற்கிற வண்டிக்கு எவன் எண்ணெய் நிரப்பிக் கொடுப்பான்? கிளம்பும்போது அவர் மனைவி நஸீமா அவர்களுடைய சாப்பாட்டுக் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து ஒரு டப்பாவில் பிரியாணியும் தாளிச்சாவும் கட்டிக் கொடுத்தார். அப்போது அது வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால், அதுவும் வாயை அடைக்கக் கொடுத்ததுபோல் பட்டது.

மனிதர்களின் நல்ல செய்கைகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், எல்லாமே அப்படித்தான் தெரியும்.

"மொத நாள் மட்டும் ஏன் நல்லா ஓடுச்சு?" என்றான் ராஜசேகரன்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஓடற மாதிரி ஏதோ பண்ணியிருக்கான். அந்த மாதிரி மருந்தெல்லாம் இருக்கு லா. டேங்குல ஊத்துனா ஒரு நாள் நல்லா போவும்."

தம்போய்ப் பட்டறையில் போமன், அதாவது மெக்கானிக், வண்டியை இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டார். வடிகட்டியை மாற்றினார்கள். பாய் கொடுத்ததை நம்பாமல் வேறு வாங்கி மாட்டினான் ராஜசேகரன். காற்று வடிகட்டி, பேட்டரி முனைகள், குழாய் இணைப்புகள், எல்லாம் பார்த்தாயிற்று. பட்டறையில் நிற்கும்போது வண்டி அடங்கிய பிள்ளைபோல் சீராக உறுமிக்கொண்டிருக்கும். "நிக்கறப்ப கொண்டா, பாக்கறேன்" என்று போமன் சலித்துக்கொண்டார். நின்ற வண்டியை எப்படிக் கொண்டு வருவது?

ஒன்று மட்டும் ரூபேந்திரன் கவனித்திருந்தான். காலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிளம்பினால் கொஞ்ச தூரம் தொந்தரவில்லை. பிறகுதான் ஆரம்பிக்கிறது.

"அப்ப டேங்குதான். தண்ணி கலந்த டீசல். அடியில கெடக்குது. ஊத்துனதும் கொஞ்ச நேரம் புது டீசல் போவுது, அப்புறம் அந்தத் தண்ணி ஏறுது." தொடையைத் தட்டினான். "அதான் ஃபுல் டேங்க் ஊத்திக் குடுத்திருக்கான்! பாத்தியா அவன் மூளைய?"

ஷர்மினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏங்க, ஏமாத்துனவன் போனையே எடுக்க மாட்டான். இந்த மனுசன் தானா போன் பண்றாரு. ஒரு வார்த்தை கேட்டுருங்களேன், இப்படி நிக்குது, என்னன்னு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது ஷர்மினி."

"எனக்கு வண்டி தெரியாது. மனுசங்களைக் கொஞ்சம் தெரியும்."

"தங்கச்சி, நீ எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லுவ," என்று சிரித்தான் ரூபேந்திரன். "என்னையே நல்லவன்னு சொல்ற ஆளு நீ."

"அத எப்ப சொன்னேன்?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கேட்டுவிடுவது என்ற எளிய வழியைக் கடவுள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். ராஜசேகரன் அந்த வழியில் கால் வைக்கவில்லை. சனிக்கிழமை மாலை ரூபேந்திரன் தன் குழுவில் ஒரு செய்தி போட்டான்: பொந்தியான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை பாய், ஃபோர்வீல் விற்றால் வாங்காதீர்கள், டேங்கில் தண்ணீர் ஊற்றி விற்கிற ஆள். போடுவதற்கு முன் ராஜசேகரனிடம் காட்டினான். ராஜசேகரன் ஒரு கணம் தயங்கினான். பிறகு தலையாட்டினான்.

*

ஞாயிற்றுக்கிழமை. ரூபேந்திரனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி இருந்ததால் ராஜசேகரன் தனியாகக் கிளம்பினான். கூட்டாளி போனிலேயே வழி சொல்லியிருந்தான்:

"மத்தியானம் கடையில கூட்டம் இருக்கும். அந்த நேரமா போ. வாசல்லயே டேங்கைத் தொறந்து ஒரு பாட்டில்ல டீசலைப் புடி. மேசை மேல கொண்டுபோய் வை. எல்லாரும் பாக்கட்டும். தண்ணி அடியில நிக்கும், டீசல் மேல நிக்கும். அதுக்கு மேல நீ ஒண்ணும் பேச வேணாம்."

காலி மினரல் பாட்டிலும் மெல்லிய ரப்பர்க் குழாயும் முன் இருக்கையில் இருந்தன. ஷர்மினி வந்து அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்தாள். நஸீமா பிரியாணி கொடுத்தனுப்பிய டப்பா. கழுவித் துடைத்து, உள்ளே முறுக்கு நிறைத்திருந்தாள்.

"சாப்பாட்டுக் கடைக்காரங்களுக்கு முறுக்கா?"

"டப்பாவை வெறுமனே திருப்பிக் குடுக்க முடியுமா? குடுத்துருங்க."

அவனால் மறுக்க முடியவில்லை. தான் எதற்குப் போகிறான் என்பதை அவளிடம் முழுதாகச் சொல்லவும் இல்லை.

அவள் வண்டியைச் சுற்றி வந்து கும்பிட்டாள். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தாமான் குடியிருப்பின் கோடியில் உள்ள அம்மன் கோயிலில் பூசை போட்டார்கள். நான்கு சக்கரங்களுக்கு எலுமிச்சை, சூடம், தேங்காய். ஐயர் முன்னால் மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போனபின், ஷர்மினி தன் கையால் மீதிச் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வோர் இடமாக வைத்தாள். கதவுகளுக்கு, ஓட்டும் வளையத்துக்கு, கடைசியாகப் பக்கவாட்டில் வெளியே தெரியும் எண்ணெய் மூடிக்கு. "குடிக்கிற வாய்க்கும் ஒண்ணு வெச்சிருவோம், வயிறு எப்பவும் நெறஞ்சே இருக்கட்டும்" என்று சொல்லி, மூடியின் நட்ட நடுவில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் புதுப்பித்தாள். எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் ராஜசேகரன் அந்தச் சந்தனம் அழிந்துவிடாதபடி மூடியின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகுவான். அவனும் பக்தி உள்ளவன்தான்.

பெக்கான் நானாஸ் ஊரை வண்டி தாண்டியது. இருபுறமும் அன்னாசித் தோட்டங்கள். சாலையோரக் கொட்டகைகளில் அன்னாசிகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். என்ன பேசவேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். 'பாய், பெரிய மனுசன்னு நம்பி வந்தேன்.' வேண்டாம், அது கெஞ்சுவதுபோல் இருக்கிறது. 'பாய், இதுல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க.' அது நன்றாக இருந்தது. அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

இரண்டாவது முறை சொல்லி முடிக்குமுன் வண்டி செருமியது. இழுவை போனது. ஓரம் கட்டுவதற்கும் நின்றுபோவதற்கும் சரியாக இருந்தது.

"நில்லு. நல்லா நில்லு," என்றான் வண்டியிடம். கோபத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. நின்ற இடத்திலேயே ஆதாரத்தை எடுத்துவிடலாம். தண்ணீர் குழாயில் ஏறி நிற்கிற நேரமே இதுதான். இத்தனை நாளில் வண்டி நின்றபோதெல்லாம் அவன் முன்மூடியைத்தான் திறந்திருக்கிறான். எண்ணெய் மூடியைத் திறந்ததே இல்லை.

பாட்டிலையும் குழாயையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். வழக்கம்போல் விளிம்பைப் பிடித்து மூடியைத் திருகினான். அது அசையவில்லை. உள்ளே யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் பலம் கொடுத்தான்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

நீரில் மூழ்கியிருந்த ஒருவன் தலையை வெளியே எடுத்ததும் இழுக்கும் மூச்சுபோல, டேங்க் காற்றை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. ராஜசேகரன் மூடியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

குழாயை விட்டு டீசலை உறிஞ்சிப் பாட்டிலில் பிடித்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு துளித் தண்ணீர் இல்லை. கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெய்போலத் தெளிவாக இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். மற்ற நாட்களில் காத்துக் காத்துக் கிடந்தபிறகுதான் கிளம்பும். இப்போது தொட்டதும் கிளம்பியது.

சாவியிலிருந்து கையை எடுத்து, மூடி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மேலே ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி செருமல், மறுபடி நிற்றல். இறங்கினான், மூடியைத் திறந்தான். அதே மூச்சு. வண்டி உடனே கிளம்பியது. அதை அணைத்துவிட்டு, மூடியோடு ஓர் அன்னாசிக் கொட்டகையின் நிழலுக்குப் போனான்.

மூடியின் உள்பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போவதற்கான துளை. திருப்பி வெளிப்பக்கம் பார்த்தான். துளை வெளிவர வேண்டிய இடத்தில், மூடியின் நட்ட நடுவில், ஷர்மினி வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகி இருந்தது. பொட்டின் மையத்தில் மட்டும் சின்னதாக ஒரு குழி. உள்ளேயிருந்து உறிஞ்சிய குழி. சில நாட்களுக்கு முன்பே அந்தக் குழியைப் பார்த்து, எறும்பு அரித்திருக்கிறது என்று நினைத்தான். வாயை வைத்து ஊதிப் பார்த்தான். காற்று போகவில்லை. நாக்கில் டீசலும் சந்தனமும் சேர்ந்து கசந்தன.

வண்டி மூச்சு முட்டித்தான் நின்றிருக்கிறது. அதுவும் டேங்கை நிறைய நிறைய வைத்திருந்ததால் உள்ளே இருந்த காற்று கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. காலையில் எண்ணெய் ஊற்றும்போது மூடி திறப்பதால் சற்று தூரம் உயிர் பிடித்து ஓடியிருக்கிறது. பட்டறையில் நின்றபடி உறுமியபோது குடிக்கிற எண்ணெயே சொற்பம். முதல் நாள் மாலை பொந்தியானிலிருந்து ஒரு சிணுங்கலும் இல்லாமல் வந்ததற்கும் மருந்து எதுவும் காரணமில்லை. அன்று அதன் வாயில் பொட்டு இல்லை.

கொட்டகைக்கார அம்மாள் ஒரு மலாய்க்காரர். அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு துண்டு அன்னாசியை உப்புத் தடவி நீட்டினார். அவரிடமே ஊக்கு ஒன்று கேட்டு வாங்கி, துளையில் குத்தி, சந்தனத்தைப் பெயர்த்து எடுத்தான். அது முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. தரையில் போட மனம் வரவில்லை. சாமிக்கு வைத்தது. அவள் கையால் வைத்தது. விரலை நனைத்துக் குழைத்து, கொஞ்சம் வண்டியின் முன்மூடியில் வைத்தான். மீதியைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

இப்போது திரும்பிப் போய்விடலாம். வண்டி சரியாகிவிட்டது. நாளை மெர்சிங் போகலாம். எதற்காகக் கிளம்பினான் என்பது பாய்க்குத் தெரியாது. ஆனால் குழுவில் அந்தச் செய்தி இருந்தது. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற குழு. அதில் பொந்தியான்காரர்களும் இருப்பார்கள். பாய் கடையில் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள்.

போனை எடுத்தான். ரூபேந்திரன் எடுத்ததும் பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்னடா, பாட்டிலை வெச்சியா? மூஞ்சி எப்படிப் போச்சு?"

"என் மூஞ்சிதான்டா போச்சு." நடந்ததைச் சொன்னான்.

மறுமுனையில் ரூபேந்திரன் வெடித்துச் சிரித்தான். "சந்தனமா! டேய், சந்தனமா!"

"குழுவுல போட்டதை எடுத்துரு. அது போதாது. நான் பேசி அனுப்பறேன், அதையும் போடு."

"மானம் போயிரும்டா. காலத்துக்கும் ஓட்டுவானுங்க. சும்மா அழிச்சுட்டு விட்ரலாம் லா."

"அவர் மானம் போனப்ப நம்ம தலையாட்டலையா?"

ரூபேந்திரன் சிரிப்பதை நிறுத்தினான். "சரி. அனுப்பு," என்றான் மெதுவாக. "நாந்தான போட்டேன். நானும் பேசறேன்."

*

மதிய நேரக் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ஜஹாங்கீர் பாய் மேசை மேசையாக நடந்து, குனிந்து, "சாப்பாடு எப்படி? கறி போதுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்த நடை. வண்டியில் ஏறி இறங்க முடியாமல்தான் அதை விற்றார். ராஜசேகரனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி! சொல்லாம கொள்ளாம! வண்டி எப்படி ஓடுது?"

அந்தக் கேள்வி அன்றுதான் ராஜசேகரனின் காதில் நேரில் விழுந்தது. மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டு கேட்ட அதே குரல். சாப்பிட்டுப் போகிறவரைக் கேட்காமல் விடத் தெரியாத ஒருவருடைய குரல்.

டப்பாவை மேசைமேல் வைத்தான். "என் வீட்டுக்காரங்க குடுத்தனுப்புனாங்க."

"அட, முறுக்கா! நஸீமா, இங்க பாரு!" பாய் மூக்கை உறிஞ்சினார். "என்ன தம்பி, நெத்தியில சந்தனம், ஆனா டீசல் வாசன வருது?"

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வண்டி நின்றதை, நிற்கவில்லை என்று போனில் பொய் சொன்னதை, பாட்டிலை, குழுவில் போட்ட செய்தியை. எதையும் ரூபேந்திரன் தலையில் போடவில்லை. பாய் முறுக்கைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடிக்கவில்லை.

"என்னைக் கள்ளன்னு நெனச்சீங்களா தம்பி?"

"நெனச்சேன் பாய்."

விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நஸீமா தேநீரோடு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அந்த ஒயரு," என்றார் பாய் கடைசியில், "பேரப்புள்ளைக்குச் சின்ன ஃபேன் ஒண்ணு மாட்டியிருந்தேன். கழட்டிட்டு, ஷாக் அடிக்கக் கூடாதேன்னு டேப்பு சுத்துனேன்." வேறு எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "சந்தனத்தைக் கீழ போட்டுட்டீங்களா?"

"இல்ல பாய். முன்னாடி வெச்சிருக்கேன்."

"நல்லது. அந்தப் புள்ள நல்ல மனசோட வெச்சது. அவங்களை ஒண்ணும் திட்டாதீங்க." எழுந்தார். "தினம் போன் பண்ணது உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கு. இது கடைப் பழக்கம். இனிமே பண்ணல." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை.

கிளம்பும்போது நஸீமா அதே டப்பாவில் எதையோ நிறைத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று ராஜசேகரன் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் ஷர்மினி விஷயத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நானாங்க? நானா வண்டிய நிப்பாட்டுனேன்?" கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணீரோடே சிரிப்பு வந்துவிட்டது.

"மூடிக்கு வேணாம். பக்கத்துல வை. சாமி கோவிச்சுக்காது."

அவள் போய் மூடிக்கு அருகே, வண்டியின் உடம்பில், ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

*

திங்கட்கிழமை திருச்செல்வம் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. கோத்தா திங்கி தாண்டியதும் ஒரு முறை மணியைப் பார்த்தார். மெர்சிங் எல்லையில் செம்மண் பாதை ஆரம்பித்தது. முந்தின இரவு மழையில் குழைந்த மண். வண்டி மூச்சு வாங்காமல், செருமாமல், ஒவ்வொரு மேடாக ஏறியது. கோபுரத்தின் அடியில் நின்றதும் திருச்செல்வம் இறங்கி, சேறு பூசிய டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"புதன்கிழமை இன்னொரு கோபுரம் இருக்கு. வருவீங்கல்ல?" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்து சிரித்தார். "உங்களைச் சந்தனம்னு கூப்பிடறாங்களாமே குழுவுல?"

"ஆமாண்ணே. அப்படித்தான் கூப்பிடறாங்க."

சாயங்காலம் வேலை முடிந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பியபோது போனில் மறுபடி கோடுகள் முளைத்தன. அஸர் தொழுகை முடிந்திருக்கும். ராஜசேகரன் வண்டியை ஓரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக எந்த மணியோசைக்குப் பயந்தானோ, அது இன்று வரவில்லை.

அவனே எண்ணைத் தட்டினான்.

"பாய், ராஜசேகரன் பேசறேன். வண்டி நல்லா ஓடுது. மெர்சிங் வந்து மேடெல்லாம் ஏறிட்டேன். வேலை கெடைச்சிருச்சு."

"நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி," என்றார் பாய்.

"இனிமே கேக்கவே மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் தட்டுகள் உரசும் சத்தம், யாரோ தண்ணீர் கேட்கும் சத்தம். பாய் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குக் கேக்கறேன்," என்றார். "சாப்பிட்டீங்களா?"